மழையைத் தாண்டும் பெட்டி: மார்த்தாண்டத்து வீட்டுத் தேனீக்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலையைத் தாண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது மார்த்தாண்டம். மேம்பாலத்துக்குக் கீழே எப்போதும் நெரிசலான கடைவீதி. அங்கிருந்து அருமனை, களியல், குலசேகரம் பக்கம் திரும்பினால் சத்தம் குறைந்து மரங்கள் கூடும். சாலையின் இருபுறமும் தென்னை, பலா, வாழை, மரச்சீனி. மேடு ஏற ஏற ரப்பர்.

இந்தப் பக்கத்தில் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை 'விளை' என்பார்கள். பல வீடுகளின் விளை அரை ஏக்கர்கூட இருக்காது. பத்துத் தென்னை, மரத்தில் ஏறிய நல்லமிளகுக் கொடி, நாலு மட்டிவாழை, ஒரு கிணறு. இவற்றுக்கு நடுவே, இடுப்பளவு உயரக் காலில் நிற்கும் சிறிய மரப்பெட்டியையும் பார்க்கலாம். மேலே பழைய தகரமோ ஓலையோ கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல் வைத்திருப்பார்கள். அதுதான் தேன் பெட்டி.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு இந்த ஊரைத் தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். 'நம் வீட்டுப் பின்புறத்திலும் ரெண்டு பெட்டி வைத்தால் என்ன?' என்ற ஆசையோடு திரும்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால், அவர்கள் வருவது பெரும்பாலும் மாசி, பங்குனியில். பெட்டி நிரம்பி வழியும் மாதங்கள் அவை. தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், ஆடி மழையில் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும்.

பானையிலிருந்து பெட்டிக்கு

இங்கே வளர்ப்பது பெரும்பாலும் நம் நாட்டு இந்தியத் தேனீதான். அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் இருட்டான இடம் பார்த்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பல அடைகள் கட்டும். மலைத்தேனீயும் கொம்புத் தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை. அவற்றைப் பெட்டியில் பழக்க முடியாது. இருட்டில் பல அடை கட்டும் பழக்கம் இருப்பதால்தான் அடுக்குத் தேனீ நம் வீட்டுக்கு வருகிறது.

முற்காலத்தில் மண்பானையிலும் குடைந்த மரத்துண்டிலும் தேனீயைக் குடிவைத்தார்கள். தேன் வேண்டுமென்றால் அடையை அறுத்துப் பிழிய வேண்டும். தேனோடு முட்டையும் புழுவும் நசுங்கும், கூட்டமும் ஓடிப்போகும். 1910-களில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன், நம் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்து, கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றும் அது 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஊரக மேம்பாட்டு மையம் தொடங்கிய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், சிறு குடும்பங்களின் துணைத் தொழிலாகக் கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் பரப்பினார். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. நிலம் குறைவு, ஆள் அதிகம் என்ற ஊருக்கு, நிலமே கேட்காத இந்தத் தொழில் பொருந்திப்போனது.

பெட்டியின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். தேனீ, தான் நடமாட ஒரு சிறு இடைவெளியை விட்டுத்தான் அடை கட்டும். இந்தியத் தேனீக்கு அது ஏறக்குறைய 7 முதல் 9 மில்லிமீட்டர். சட்டங்களுக்கு நடுவிலும் சுவரோரத்திலும் அந்த இடைவெளி சரியாக இருந்தால், ஒவ்வொரு சட்டத்தையும் தனியாகத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைக்கலாம். கூடினால் நடுவே வேண்டாத அடை கட்டிவிடும். குறைந்தால் மெழுகு வைத்து அடைத்துவிடும். ஆகவே பெட்டியை ஊர் ஆசாரியிடம் செய்யச் சொல்பவர்கள், அளவுக்கு ஒரு நல்ல பெட்டியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது.

கீழ்ப்பெட்டியில் ராணி முட்டையிடும், குஞ்சுகள் வளரும். மேல்பெட்டியில் தேன் சேரும். தேன் எடுப்பது மேல்பெட்டியிலிருந்து மட்டும். கீழ்ப்பெட்டித் தேன் தேனீக்களின் குதிர்நெல். அதைத் தொடுகிற வீட்டில் மழைக்காலத்தில் பெட்டி காலியாகும்.

தேன் வருவது இலையிலிருந்து

தேன் பூவிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் மார்கழி, தையில் இலை உதிர்த்துத் துளிர்க்கும். அந்தத் தளிரில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இளந்தளிர் முற்றும் வரை அதில் இனிப்பு நீர் சுரக்கும். தை, மாசி, பங்குனியில் ரப்பர் காட்டுக்குள் நின்றால், பூவே கண்ணில் படாது. தலைக்கு மேலே மட்டும் இரைச்சல் கேட்கும்.

அந்த நாட்களில் வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை தேன் எடுப்பார்கள். தொழிலாகச் செய்பவர்கள் இரவில் பெட்டி வாசலை அடைத்து, லாரியில் ஏற்றிக் கேரள ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு பெட்டி வைத்த வீட்டுக்காரருக்கு அந்த அலைச்சல் வேண்டியதில்லை. தேனீ ஒரு கிலோமீட்டருக்குள் போய் வந்து, அக்கம்பக்கத்து ரப்பரையும் தன் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடும்.

ஆனால், இனிப்பு நீர் மட்டும் போதாது. குஞ்சு வளர மகரந்தம் வேண்டும். ரப்பர் தளிர் மகரந்தம் தராது. தென்னை ஆண்டு முழுதும் பாளை விடுவதால், அந்தக் குறையை அது நிரப்புகிறது. ரப்பரும் தென்னையும் அடுத்தடுத்து இருப்பதே இந்த ஊரின் பலம்.

வேறு மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மாதம் எது பூக்கிறது என்று குறியுங்கள். தென்னை, முருங்கை, புளி, வேம்பு, புங்கன், எள், சூரியகாந்தி, கொத்தமல்லி, பூசணி, பீர்க்கு எல்லாம் கணக்கில் வரும். தொடர்ந்து இரண்டு, மூன்று மாதம் வெற்றாக இருந்தால், அந்த மாதங்களில் நீங்கள்தான் உணவு கொடுக்க வேண்டும்.

விளையில் ஒரு காலை

பெட்டியைத் திறந்து பார்ப்பது காலை வெயில் ஏறிய பிறகு, மழையும் பலத்த காற்றும் இல்லாத நாளில். களியல் பக்கத்து விளை ஒன்றில் அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். பாட்டா புகைப்பானில் காய்ந்த தென்னஞ்சகரியை வைத்துப் பற்றவைக்கிறார். மகள் பெட்டியின் பின்பக்கம் நிற்கிறாள். வாசலை யாரும் மறைப்பதில்லை. பேத்தி குனிந்து எட்டிப்பார்க்கிறாள்.

"மக்களே, மேல மூச்சு விடாதே. அதுக்குப் பிடிக்காது" என்கிறார் பாட்டா.

"முட்டை இருக்கா பாட்டா?"

"வெயிலுக்கு நேரா சட்டத்தப் பிடிச்சுக் காட்டச் சொல்லு அம்மைட்ட. ஒரு அறைக்கு ஒண்ணு, நூல்துண்டு மாதிரி நிக்கும்."

வீட்டுத் தேனீ வளர்ப்பின் பாதி இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. ராணியைக் கண்ணால் தேட வேண்டிய அவசியமில்லை. அறைக்கு ஒரு முட்டை இருந்தால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே நடந்திருக்கிறது என்று பொருள். முட்டையே இல்லையென்றாலும், ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தாலும் ராணி இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். ராணி இல்லாத பெட்டியில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அவற்றிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். கூட்டம் மெல்ல அழியும்.

அதனால்தான் தொடங்கும்போது ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும் என்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள். ஒன்றில் ராணி தவறினால், நோயில்லாத மற்றொன்றிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, ஒட்டியிருக்கும் தேனீக்களை உதறிவிட்டு மாற்றிக் கொடுக்கலாம். தேனீக்கள் அதிலிருந்து புது ராணியை உருவாக்கிக்கொள்ளும். முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாட்கள் ஆகும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு இந்த வழி கிடையாது.

சட்டத்தைத் தூக்கும்போது பெட்டிக்கு நேர்மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். ராணி தவறி விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயே விழும். வாசனைத் தைலம், பவுடர் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கையை வீசி விரட்டக் கூடாது. கொட்டினால் கொடுக்கை நகத்தால் வழித்தோ கிள்ளியோ உடனே எடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் விஷம் கூடுதலாக உள்ளே இறங்கும். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பே அப்படி ஆகியிருந்தால், அந்த வீட்டுக்குத் தேனீ வேண்டாம்.

ஆடியில் காலியாகும் பெட்டிகள்

வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையடி என்பதால் நாட்கணக்கில் பெய்யும். ரப்பர் இலை முற்றிவிட்டது, சுரப்பு நின்றுவிட்டது. தேனீ வெளியே போக முடியாது. போனாலும் கிடைப்பது குறைவு. ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். ஆறு அடை நிறைந்திருந்த கூட்டம் மூன்று அடைக்குச் சுருங்கும்.

புதிதாகத் தொடங்கியவர்கள் கூட்டத்தை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். பங்குனியில் கடைசிச் சொட்டுவரை எடுத்திருப்பார்கள். 'தேன் காலம் முடிந்தது' என்று பெட்டிப் பக்கமே போகாமல் இருப்பார்கள். ஆவணியில் திறந்தால் சிலந்திவலை போல மெழுகு அந்துப்பூச்சிப் புழுவின் நூலும், கறுத்த அடையும்தான் இருக்கும். தேனீ செத்திருக்காது, பட்டினி தாங்காமல் ஒருநாள் கூட்டத்தோடு கிளம்பிப் போயிருக்கும்.

தப்பிக்கும் பெட்டிகளுக்குச் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. சர்க்கரையும் கொதித்து ஆறிய நீரும் சம அளவு கலந்து, வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் அளவு, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். தேனீ மூழ்காமல் உட்கார இரண்டு ஈர்க்குச்சியோ இலையோ மிதக்கவிடுகிறார்கள். கொடுப்பது அந்தி நேரத்தில் மட்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் கொடுத்தாலோ வெளியே சிந்தினாலோ பலமான கூட்டம் பலவீனமானதைக் கொள்ளையடிக்கும். தேனீ உட்காராத வெற்று அடையை எடுத்துவிட வேண்டும். அந்துப்பூச்சி முட்டையிடுவது அதில்தான். மேல்பெட்டியைக் கழற்றிக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். பெட்டியின் காலடிக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். மழையில் எறும்பு மேடு தேடும். சாரல் வாசலில் அடிக்காமல் பெட்டியைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைக்கிறார்கள்.

வாரத்துக்குக் கால்மணி நேர வேலைதான். அதையும் பெரும்பாலும் செய்வது வீட்டுப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். தேன் காலத்தில் ஊரே தேனீக்காரர்; மழைக்காலத்தில் பெட்டியைத் திறப்பவர்தான் அடுத்த மாசியில் தேன் எடுப்பவர்.

ஊர் கண்ட பெரிய இழப்பு

மழையை ஆண்டுதோறும் சமாளித்த இந்த ஊரையே ஒருமுறை நோய் சாய்த்தது. 1991, 1992-ல் 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. அறைக்குள் புழு தலையைத் தூக்கியபடி செத்து, நீர் நிறைந்த பை போல மாறிவிடும். ஊசியால் எடுத்தால் பையாகவே வரும். மருந்து கிடையாது. குமரியிலும் கேரளத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. தேன் வருமானத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு வேறு கூலிக்குப் போயின. சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள்.

ஊரை மீட்டது, நோயைத் தாங்கித் தப்பிய சில கூட்டங்கள்தான். அவற்றை மட்டும் தேர்ந்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். இன்று விளைகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை அப்படித் தப்பியவற்றின் வழிவந்தவைதான். நோய் முழுதாகப் போய்விடவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. அதனால் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரியாத இடத்தில் கூட்டம் வாங்க வேண்டாம். வாங்கும் முன் சட்டத்தைத் தூக்கிப் புழுவைப் பாருங்கள். முத்துப்போல வெண்மையாக, அறையின் அடியில் சுருண்டு கிடந்தால் நலம். சந்தேகமான பெட்டியின் சட்டத்தை அடுத்த பெட்டிக்கு மாற்றக் கூடாது.

எப்போது, எப்படித் தொடங்குவது?

குமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை சரியான நேரம். அந்த மாதங்களில் கூட்டம் பெருகத் தொடங்கும். பிரித்த புதுக்கூட்டங்களும் விற்பனைக்கு வரும். முட்டையிடும் ராணியோடு நாலு அடையாவது உள்ள கூட்டமாகப் பார்த்து வாங்கலாம். மற்ற இடங்களில் உங்கள் பூக்கால நோட்டைப் பார்த்து, முக்கியப் பூப்புக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு தொடங்கலாம்.

கிழக்குப் பார்த்த வாசல், மதிய நிழல், பக்கத்தில் நல்ல தண்ணீர், ஆளும் மாடும் நடக்காத ஓரம். இவை போதும். இரண்டு பெட்டிக்கு நடுவே ஆறு அடி விடலாம். பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுவது முக்கியம். அவர் மருந்து அடிக்கும் நாளைச் சொன்னால், முந்தின இரவே வாசலை வலைத்துணியால் மூடிவிடலாம். பூத்திருக்கும் பயிருக்கு மருந்து தவிர்ப்பதும், தவிர்க்க முடியாதபோது மாலையில் அடிப்பதும் அவருடைய காய்ப்புக்கும் நல்லது என்று எடுத்துச் சொல்லுங்கள். பூசணியும் பீர்க்கும் கூடுதலாகக் காய்த்த பிறகு அவரே பெட்டிக்குக் காவலாகிவிடுவார்.

இந்தியத் தேனீ ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ தேன் தரும் என்பது பொதுவான கணக்கு. ரப்பர் பகுதியில் நன்றாகப் பராமரித்தால் கூடும். இரண்டு பெட்டித் தேன் ஒரு குடும்பத்துக்குப் போதும், மிஞ்சினால் உறவுக்கு. முதல் ஆண்டிலேயே வருமானக் கணக்குப் போட வேண்டாம். இரண்டு பெட்டியும் உயிரோடு அடுத்த ஐப்பசியைப் பார்த்துவிட்டால், அதுவே முதல் ஆண்டின் லாபம். மூன்றாவது பெட்டியைக் காசு கொடுக்காமல், பிரித்தே உண்டாக்கிக்கொள்ளலாம்.

பயிற்சிக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையையும், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். குமரி மாவட்டத்துக்கு அது திருப்பதிசாரத்தில் இருக்கிறது. மானியம் உண்டா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தேன் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்பவை

தேன் உறைந்தால் கலப்படமா? இல்லை. ரப்பர் தேன் எளிதில் உறையும் தன்மையுள்ளது. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் இளகிவிடும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது.

தேன் ஏன் நுரைத்துப் புளிக்கிறது? முதிரும் முன் எடுத்ததால் நீர் அதிகமாக இருக்கிறது. மேல்பெட்டி அடையில் முக்கால்பங்கு அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகே எடுக்க வேண்டும்.

தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்த்தால் நல்ல தேன் தெரியுமா? தெரியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே அடியில் போய் நிற்கும். ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி; இல்லையென்றால், பெட்டியைக் கண்ணால் பார்த்து வாங்குவது.

பிறந்த குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கலாமா? கூடாது. எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் ஒரு வயது நிறையும் வரை கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சொந்தப் பெட்டித் தேன் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகச் சேனை வைக்க வருவார்கள். தேன் பெட்டி வைக்கும் வீடுகள் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.